கல்வி வழிகாட்டி: ஒரு பொருளை மூன்று பக்கமிருந்து வரைவது எப்படி?

 

நம் அறக்கட்டளையின் கல்வி உதவி பெறும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொரு பருவத் தேர்வுக்குப் பிறகும் அலுவலகத்தில் வாங்கிப் பார்க்கிறோம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி என எங்கே சேர்ந்திருந்தாலும் முதலாண்டில் பலரும் தடுக்கி விழுவது ஒரே பாடத்தில்தான். கணக்கு என்று நினைப்பீர்கள். கணக்கில்கூட எப்படியோ கரையேறிவிடுகிறார்கள். தடுக்குவது பொறியியல் வரைபடம்.

சென்ற மாதம் ஒரு தாய் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். "காக்கா, இவன் படிச்சது போதும். டிராயிங்ல ரெண்டு தடவை அரியர் வச்சுட்டான். இவன் மாமாகிட்ட சொல்லி விசாவுக்கு ஏற்பாடு பண்ணிட்டோம். இந்த வருச உதவித்தொகையை வேற புள்ளைக்குக் கொடுத்துடுங்க" என்றார். பையன் தலையைக் குனிந்தபடி நின்றான். மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தான். என்ன புரியவில்லை என்று கேட்டோம். "மூணு படம் போடச் சொல்றாங்க. எதை எங்கே போடணும்னே தெரியலை மாமா" என்றான்.

பிள்ளைக்குப் புரியாத பாடத்தைப் பெற்றோர் விளக்கிச் சொல்ல முடியாததால் ஒரு படிப்பே நின்றுபோகிறது. அதனால்தான் இந்த இதழில் அந்தப் பாடத்தையே எழுத எண்ணினோம். பெற்றோரும் கூட அமர்ந்து படியுங்கள். படிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும் விஷயம்தான் இது.

பாடப் புத்தகத்தில் இதற்கு ஆர்த்தோகிராஃபிக் புரொஜெக்ஷன் என்று பெயர். பெயரைக் கேட்டே பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள். ஒரு பொருளை நேர் முன்னால் நின்று ஒரு படம், நேர் மேலிருந்து ஒரு படம், நேர் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் என்று தனித்தனியாக வரைந்து, மூன்றையும் ஒரே தாளில் முறையாக அடுக்குவதுதான் இது. வீடு கட்டியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கொத்தனார் 'பிளான்' என்று விரிப்பது மேலிருந்து பார்த்த படம். 'எலிவேஷன்' என்று வண்ணம் தீட்டிக் காட்டுவது முன்னால் நின்று பார்த்த படம்.

கண்ணுக்குத் தெரிகிறபடியே ஒரு படம் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நம் கண்ணுக்குத் தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும், அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். புகைப்படத்தில் ரயில் தண்டவாளம் இரண்டும் தூரத்தில் ஒன்றாகக் கூடுவது போல் இருக்கும். அந்தப் படத்தில் ஸ்கேலை வைத்து அளந்து தச்சரால் ஒரு பலகையை அறுக்க முடியுமா? அளவு மாறாத படம் வேண்டுமானால், பொருளிலிருந்து தாளுக்கு வரும் பார்வைக் கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகவும் தாளுக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். இந்தப் பாடத்தின் வேர் இந்த ஒரு நிபந்தனைதான்.

நிழலை வைத்து இதை எளிதில் புரிந்துகொள்ளலாம். இரவில் விளக்கின் முன் கையைக் காட்டினால் சுவரில் கை பெரிதாக விழுகிறது. விளக்கொளி ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருவதால் அப்படி. சூரியனோ வெகு தூரத்தில் இருப்பதால் அதன் கதிர்கள் நமக்கு இணையாகவே வருகின்றன. ஆனால் அது மட்டும் போதாது. அஸர் நேரத்தை நிழலால் கணிக்கும் முறையை மதரஸாவில் படித்திருப்பீர்கள். நண்பகல் நிழலைக் கழித்து, பொருளின் நிழல் ஷாஃபி மத்ஹபில் அதன் ஒரு மடங்கும் ஹனஃபி மத்ஹபில் இரு மடங்கும் ஆகும்போது வக்து தொடங்குகிறது. குச்சி அதே குச்சிதான், நிழல் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. கதிர்கள் இணையாக இருந்தாலும் தரையின் மீது சாய்வாக விழுவதே காரணம். நம் பகுதியில் ஏப்ரலில் ஒரு நாளும் ஆகஸ்டு பிற்பாதியை ஒட்டி ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நிமிடத்தில் ஒரு மேசையை வெயிலில் வைத்தால் தரையில் விழும் நிழல் மேசையின் மேல்பலகை அளவுக்கே இருக்கும். கதிர் இணையாகவும் இருக்கிறது, தரைக்குச் செங்குத்தாகவும் இருக்கிறது. அந்த நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்தால் அதுவே மேல் தோற்றத்தின் வெளிக்கோடு.

இப்போது நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். மூன்று படி கொண்ட மிம்பர். அகலம் 80 செ.மீ. ஒவ்வொரு படியின் உயரம் 20, காலை வைக்கும் இடத்தின் ஆழம் 30. ஆக மொத்த உயரம் 60, மொத்த ஆழம் 90. இதை ஒரு தச்சருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரிசையில் அமர்ந்து நேராகப் பாருங்கள். 80 அகலம், 60 உயரத்தில் ஒரு செவ்வகம் தெரிகிறது. அதன் குறுக்கே 20-லும் 40-லும் இரண்டு படுக்கைக் கோடுகள். அவ்வளவுதான். படிகள் உள்ளே போவது இந்தப் படத்தில் தெரியவே தெரியாது. இதை மட்டும் கொடுத்தால் தச்சர் மூன்று இழுப்பறை வைத்த பெட்டி செய்து கொண்டுவந்து நின்றாலும் அவர்மேல் குற்றமில்லை.

மேலே மின்விசிறி இருக்கும் இடத்திலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 80 அகலம், 90 ஆழத்தில் ஒரு செவ்வகம். குறுக்கே 30-லும் 60-லும் இரண்டு கோடுகள். இதுவும் முதல் படம் போலத்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலும் படிதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. படிகளுக்குப் பதிலாக மூன்று குழிவான வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சென்றாலும் இதே இரண்டு படங்கள்தான் வரும். பக்கவாட்டில் போய் நின்றால்தான் விஷயம் உடைகிறது: 30 உள்ளே, 20 மேலே என்று மூன்று முறை ஏறும் படிக்கட்டின் வடிவம். பக்கத் தோற்றத்தை ஏதோ கூடுதல் வேலை என்று நினைத்து விட்டுவிடும் மாணவர்கள் இந்த மிம்பரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். மூன்று படத்தையும் எங்கே போடுவது?

ஒரு கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டை எடுத்து, அறையின் மூலை போல் பாதி திறந்து வையுங்கள். ஒரு அட்டை தரையில் படுத்திருக்கும், மற்றொன்று சுவர் போல் நிற்கும். துணி துவைக்கும் சோப்பு ஒன்றைக் கத்தியால் படி வடிவில் செதுக்கி, அடிப்படி உங்களைப் பார்க்கும்படி தரை அட்டையில் வையுங்கள். உங்கள் பார்வை சோப்பைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவர் அட்டையில் விழுகிறது. அங்கே முன் தோற்றத்தை வரையுங்கள். மேலிருந்து பார்க்கும் பார்வை தரை அட்டையில் விழுகிறது. அங்கே மேல் தோற்றத்தை வரையுங்கள். சோப்பை எடுத்துவிட்டு நோட்டை முழுக்க விரித்துச் சுவரில் சாய்த்துப் பிடியுங்கள். முன் தோற்றம் மேலே இருக்கிறது, மேல் தோற்றம் அதன் கீழே வந்துவிட்டது! நோட்டு மடியும் கோடுதான் உங்கள் புத்தகத்தில் எக்ஸ்-ஒய் கோடு என்று வருவது. சோப்பின் முன்பக்கம், அதாவது முதல் படி, மேல் தோற்றத்தில் அடியில் இருப்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு மிக அருகில் இருந்த பாகம் விரிக்கும்போது கீழே போய்விட்டது.

பக்கத் தோற்றமும் இதே முறைதான். இடப்பக்கம் நின்று பார்த்தால் பார்வை பொருளைத் தாண்டி வலப்பக்கச் சுவரில் விழும். ஆகவே இடப்பக்கத் தோற்றம் முன் தோற்றத்திற்கு வலப்பக்கம் வரும். மிம்பரை இடப்பக்கமிருந்து பார்ப்பவருக்கு முதல் படி அவருடைய வலக்கைப் பக்கம் இருக்கும். அங்கிருந்து இடப்பக்கமாகப் படிகள் ஏறும். பிள்ளைகள் பெரும்பாலும் மதிப்பெண் இழப்பது இங்கேதான். தலைகீழாக, இடமிருந்து வலமாக ஏற்றி வரைந்துவிடுகிறார்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம். எழுந்து போய் அந்தப் பக்கம் நின்று பாருங்கள். தேர்வறையில் எழுந்து போக முடியாது என்றால் அழிப்பானைத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

இப்படிப் பொருளுக்குப் பின்னால் உள்ள சுவரில் படம் விழும் முறைக்கு முதல் கோண முறை என்று பெயர். இந்தியத் தர நிர்ணய அமைவனம் கல்லூரிகளுக்காக வெளியிட்ட எஸ்.பி. 46 என்னும் கையேடு இதைத்தான் பின்பற்றச் சொல்கிறது. ஐரோப்பிய நாடுகளிலும் பெரும்பாலும் இதுவே. அமெரிக்கா, கனடா, ஜப்பான் முதலிய நாடுகளில் மூன்றாம் கோண முறை. அதில் பொருளுக்கும் நமக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருப்பதாகக் கொண்டு, கண்ணாடியிலேயே வரைகிறோம். பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் பக்கங்களை விரித்தால் மேல் தோற்றம் மேலேயும், வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கமும் வந்து நிற்கும். படங்கள் அதே படங்கள்தான், நிற்கும் இடம்தான் மாறுகிறது. இரண்டாம், நான்காம் கோணங்களில் விரித்தால் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்பதால் அவற்றை யாரும் பயன்படுத்துவதில்லை.

இடம்தானே மாறுகிறது என்று இதை லேசாக எண்ணிவிடக் கூடாது. வளைகுடாவில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பிய நமதூர்ச் சகோதரர் ஒருவர் சொன்னது இது. இரும்புச் சட்டம் ஒன்றின் ஒரு பக்கத்தில் மட்டும் நடுவில் துளையிட வேண்டும். வரைபடத்தில் முன் தோற்றத்தின் வலப்பக்கம் துளையுள்ள படம் இருந்தது. இவர் ஊரில் படித்த பழக்கத்தில், வலப்பக்கம் இருந்தால் அது இடப்பக்கத் தோற்றம் என்று எடுத்துக்கொண்டு சட்டத்தின் இடப்பக்கத்தில் துளையிட்டார். வரைபடமோ மூன்றாம் கோணத்தில் இருந்தது. ஒரு லோடு சட்டங்கள் வீண். மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். முறை எது என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இவருக்குத் தோன்றவில்லை. மொழி தெரியாத இடத்தில் கேட்பதற்குத் தயக்கம் வேறு.

கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி வரைபடத்திலேயே இருக்கிறது. தாளின் கீழ்மூலையில் உள்ள பெயர்க் கட்டத்தில் ஒரு சின்னம் இருக்கும். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு வட்டங்கள், பக்கத்தில் படுக்க வைத்த டீ கிளாஸ் போல் ஒரு வடிவம். கிளாஸின் அகன்ற வாய் வட்டங்களைப் பார்த்தபடி இருந்தால் முதல் கோணம். குறுகிய அடிப்பாகம் வட்டங்களைப் பார்த்தபடி இருந்தால் மூன்றாம் கோணம். இரண்டு வட்டமும் தெரிவது அடிப்பக்கமிருந்து பார்க்கும்போதுதான். அந்தத் தோற்றத்தைப் பார்த்த பக்கத்திலேயே வைத்தால் மூன்றாவது, எதிர்ப்பக்கம் வைத்தால் முதலாவது. வெளிநாட்டு வேலைக்குப் போகும் வெல்டர், ஃபிட்டர், ஃபேப்ரிகேட்டர் பிள்ளைகள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். இன்னொன்று, அங்கே அளவுகள் மில்லிமீட்டரில் இருக்கும். நம் மிம்பரின் அகலம் அந்தத் தாளில் 800 என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

வரைந்து பார்ப்போம். பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு ஏ4 தாளில் மிம்பர் அடங்கிவிடும். தாளின் நடுவே மெல்லிய எக்ஸ்-ஒய் கோடு. அதற்கு மேல் இடப்பக்கத்தில் 8 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்தில் முன் தோற்றம். குறுக்குக் கோடுகள் 2-லும் 4-லும். அதன் இரு ஓரங்களிலிருந்தும் நேர் கீழே கோடுகளை இறக்கி, அவற்றுக்கு நடுவிலேயே 9 செ.மீ. ஆழத்தில் மேல் தோற்றம். அகலத்தை மறுபடி அளக்கக் கூடாது, இறக்கிய கோடுகளே அதைத் தர வேண்டும். பக்கத் தோற்றத்தின் உயரங்களை முன் தோற்றத்திலிருந்து நேர் வலமாக நீட்டிக்கொள்ளுங்கள். ஆழத்திற்கு, எக்ஸ்-ஒய் கோட்டில் வலப்பக்கம் ஒரு புள்ளியிலிருந்து கீழ்நோக்கி 45 பாகையில் ஒரு சாய்கோடு போடுங்கள். மேல் தோற்றத்தின் கோடுகளை வலமாக நீட்டி, சாய்கோட்டைத் தொட்டதும் நேர் மேலே ஏற்றுங்கள். இரண்டு வகைக் கோடுகளும் வெட்டும் இடங்களில் படிகள் தாமாகவே வந்து நிற்கும். அகலம் முன் தோற்றத்துக்கும் மேல் தோற்றத்துக்கும் பொது. உயரம் முன் தோற்றத்துக்கும் பக்கத் தோற்றத்துக்கும் பொது. ஆழம் மேல் தோற்றத்துக்கும் பக்கத் தோற்றத்துக்கும் பொது. தோற்றங்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால், ஒவ்வொன்றும் தனியாகச் சரியாக இருந்தாலும் ஆசிரியர் மதிப்பெண் தரமாட்டார். அதில் அவர்மேல் தவறில்லை.

மிம்பருக்கு வலப்பக்கம் ஒரு கைப்பிடிச் சுவர் இருந்தால் என்ன செய்வது? வலப்பக்கமிருந்து பார்ப்பவருக்குச் சுவர் மட்டுமே தெரியும். படிகள் சுவருக்கு அப்பால் மறைந்திருக்கும். மறைந்ததை விட்டுவிடுவதில்லை, சிறு சிறு துண்டுகளாக விட்டுவிட்டு வரும் கோட்டால் வரைகிறோம். கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் தடித்த தொடர்கோடு, மறைந்ததற்குத் துண்டுக்கோடு, துளைக்கும் உருளைக்கும் நடு எது என்று காட்ட நீளமும் புள்ளியும் மாறி வரும் மெல்லிய கோடு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலான கேள்விகளில் தேறிவிடலாம்.

இந்த முறை வந்த கதையும் சொல்லத் தக்கது. ஃபிரான்ஸில் 1746-இல் ஒரு சிறு வணிகரின் மகனாகப் பிறந்தவர் காஸ்பார் மோன்ழ். மெசியேர் ஊர் ராணுவப் பொறியியல் பள்ளியில் உயர்குடிப் பிள்ளைகளுக்குத்தான் அதிகாரிப் படிப்பு. இவருக்குக் கிடைத்தது வரைபடக் கூடத்து வேலை. ஒரு கோட்டையின் சுவர்களை எதிரியின் பார்வைக்கும் குண்டுக்கும் தப்பும்படி அமைக்கும் திட்டத்தை நீண்ட கணக்குகள் போட்டுத்தான் அதுவரை கண்டுபிடித்து வந்தார்கள். மோன்ழ் அதைக் கோடுகளாலேயே விரைவில் முடித்துக் கொடுத்தார். இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது என்று மேலதிகாரி முதலில் பார்க்கவே மறுத்தாராம். பார்த்த பிறகு அது ராணுவ ரகசியமாயிற்று. 1795-இல்தான் பாரிஸில் அவர் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்தினார். புத்தகமாக 1799-இல் வந்தது. இதற்கிடையே 1798-இல் நெப்போலியனின் படையெடுப்போடு எகிப்துக்குப் போய், கெய்ரோவில் அமைத்த அறிவியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். நம் வரலாற்றில் அது கசப்பான அத்தியாயம் என்றாலும் அவருடைய கல்வியைக் கற்க நமக்கு அது தடையல்ல.

அவருக்கு முன் நம்மவர்களும் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள். வானக் கோளத்தைத் தட்டையான தகட்டில் இறக்குவதற்கு இணைகோடுகளைப் பயன்படுத்தும் முறையை அல்-பிரூனி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். தியார்பக்ர் அரண்மனையில் பணியாற்றிய அல்-ஜஸரி 1206-இல் முடித்த இயந்திர நூலில் படங்கள் ஏராளம். ஆனால் ஒரே படத்தில் ஒரு பாகம் முன்னாலிருந்தும் மற்றொரு பாகம் மேலிருந்தும் பார்த்தது போல் கலந்திருக்கும். தோற்றங்களைப் பிரித்து, கோடுகளால் பிணைத்து ஒரு முறையாக ஆக்கியது மோன்ழ்தான். எல்லாவற்றையும் நம்மவர்களே செய்துவிட்டார்கள் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவதில் நமக்கு உடன்பாடில்லை.

வீடு கட்டும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பிளானில் கையெழுத்துப் போடும் முன் வீட்டுப் பெண்களையும் அருகில் அமர்த்திப் படியுங்கள். வீட்டு பிளான் என்பது கூரையைப் பார்த்த படமல்ல. ஜன்னல் உயரத்தில் வீட்டைக் குறுக்கே வெட்டி, மேல்பாதியை எடுத்துவிட்டுக் கீழே பார்த்த படம். ஜன்னல் எந்தச் சுவரில் என்பதை அதில் காணலாம், எவ்வளவு உயரத்தில் என்பதைக் காண முடியாது. அடுப்படி மேடையின் உயரமும் அப்படித்தான். அதற்கு எலிவேஷனையோ குறுக்குவெட்டுப் படத்தையோ கேட்டு வாங்க வேண்டும்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு முதல் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா மாடியில் இந்தப் பாடத்துக்கு இலவச வகுப்பு நடக்கும். பெண் பிள்ளைகளுக்கும் தனி இடம் உண்டு. ஒரு சலவை சோப்பு, கெட்டி அட்டை நோட்டு, ஹெச்.பி., 2ஹெச் பென்சில்கள் கொண்டு வரவும். படிப்பு முடிந்த பிள்ளைகளின் வீட்டில் பரணில் கிடக்கும் மினி டிராஃப்டர், வரைபலகை ஏதும் இருந்தால் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். புதிதாக வாங்க வழியில்லாத மாணவர்களுக்கு அவற்றை இரவலாகக் கொடுப்போம்.

அந்தத் தாயிடம் விசாவை அடுத்த தேர்வு முடியும் வரை தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறோம். மகன் போன வாரம் அலுவலகத்திலேயே அமர்ந்து மிம்பரை வரைந்தான். மூன்று தோற்றமும் இடம் மாறாமல் வந்தன. வலப்பக்கத் தோற்றத்தில் மட்டும் துண்டுக்கோடுகளை விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரைகிறான்.